அப்பாவின் நீலம் பிரிண்டில் கத்தரிப்பூ நிறமாக வருவது ஏன்?

3 ஜூன் 2023, ஒரு வாசகரின் கேள்வி

அப்பா வரைந்த நீர்வண்ணப் படங்கள் 23 என்னிடம் இருக்கின்றன. நாங்கள் உடன்பிறந்தவர்கள் ஐந்து பேர். ஆளுக்கு ஒரு செட் பிரிண்ட் போட்டுக் கொடுக்க ஆசை. போனில் படமெடுத்துக் கடையில் ஒன்று போட்டுப் பார்த்தேன். ஆற்றின் நீலம் கத்தரிப்பூ நிறத்தில் வந்திருக்கிறது. அசலில் தாள் பால் வெள்ளை, பிரிண்டில் டியூப்லைட் வெள்ளை. மொத்தப் படமும் ஒரு படி இருட்டு. நல்ல பிரிண்டர் வாங்கி வீட்டிலேயே போட்டால் சரியாகுமா? எது வாங்கலாம்?

3 ஜூன் 2023, இரவு

வாங்குங்கள். பிக்மென்ட் இங்க் போடுகிற பிரிண்டராகப் பார்த்து வாங்குங்கள்.

டேங்க் வைத்த ஆறு கலர் பிரிண்டர்கள் நம் ஊரில் நிறைய ஓடுகின்றன. எப்சன் எல்805 ஏ4 வரை, எல்1800 ஏ3க்குக் கொஞ்சம் மேல் வரை போடும். இரண்டும் டை இங்க், அதாவது தண்ணீரில் கரைந்த சாயம். கலர் பளிச்சென்று இருக்கும், செலவும் குறைவு. பிக்மென்ட் இங்க்கில் நிறம் கரையாமல் துகளாக மிதக்கிறது. வெயிலும் காற்றில் இருக்கிற ஓசோனும் சாயத்தை அரிக்கிற வேகத்தில் துகளை அரிக்காது. உங்கள் பேரன் காலத்திலும் படம் இருக்க வேண்டும் என்றால் பிக்மென்ட்தான்.

என் அப்பாவும் டிராயிங் மாஸ்டர். 41 படங்கள் விட்டுப் போனார், பாதிக்கு மேல் திருநெல்வேலிக் குறுக்குத்துறை படித்துறையும் ஆறும்தான். அவற்றுக்குப் பிரிண்ட் போட்டுப் பழகியதை வைத்துத்தான் சொல்கிறேன்.

4 ஜூன் 2023

நேற்று அவசரப்பட்டுப் பிரிண்டரைப் பற்றி மட்டும் எழுதிவிட்டேன். உங்கள் கேள்வியைக் காலையில் மறுபடி படித்தேன். மூன்று குறை சொல்லியிருக்கிறீர்கள்: நீலம், வெள்ளை, இருட்டு. மூன்றுக்கும் காரணம் பிரிண்டர் இல்லை.

முதலில் நீலம். உங்கள் அப்பா எந்த நீலம் போட்டார் என்று டியூப் கிடைத்தால் பாருங்கள். அல்ட்ரமரைனாக இருக்கும் என்று நினைக்கிறேன், ஆறு வரைகிறவர்கள் அதைத்தான் கரைப்பார்கள். இந்த நீலம் நம் கண் ஏறக்குறைய பார்க்காத அடர்சிவப்பு ஓரத்தில் நிறைய ஒளியைத் திருப்பி அனுப்பும். கேமரா சென்சார் அதில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளும். நீலத்தோடு சிவப்பு சேர்ந்தால் கத்தரிப்பூ. கோபால்ட் நீலத்திலும் இதே தொல்லை உண்டு.

எங்கள் வீட்டில் முதல் பிரிண்டைப் பார்த்ததும் அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இது அப்பா நீலம் இல்லலே. இது யாரோ போட்ட நீலம்." அவள்தான் சின்ன வயதில் அப்பாவுக்குத் தட்டில் கலர் கரைத்துக் கொடுத்தவள். கண் பொய் சொல்லாது.

அந்த ஒரு நிறத்தை மட்டும் தனியாகப் பிடித்து, சாயலைப் பச்சைப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். எவ்வளவு என்று அசலைப் பக்கத்தில் வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். எனக்கு எல்லாப் படத்துக்கும் ஒரே அளவு சரிப்படவில்லை. அப்பா நீலத்தில் கருஞ்சிவப்புக் கலந்த இடங்களில் அந்தத் திருத்தம் வானத்தைக் கெடுத்தது.

4 ஜூன் 2023, சற்று நேரம் கழித்து

படமெடுக்கும் முறையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

டியூப்லைட்டுக்குக் கீழே போனைப் பிடித்து எடுத்ததைத் தூக்கிப் போடுங்கள். படத்தைச் சுவரில் நேராக நிறுத்துங்கள். இரண்டு ஒரே மாதிரி விளக்குகள், இடமும் வலமும், 45 டிகிரியில், படத்தின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி. எல்இடி என்றால் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்கிற அளவு) 95க்கு மேல். அறையின் மற்ற விளக்கெல்லாம் அணைத்து, ஜன்னலையும் மூடிவிடுங்கள். வெளியே வேப்பமரம் இருந்தால் அதன் பச்சை தாளில் ஏறும்.

கேமரா படத்துக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்க, முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றைப் படத்தின் நடுவில் சுவரோடு ஒட்டிப் பிடியுங்கள். கேமரா வழியாகப் பார்த்தால் லென்ஸ் தன்னையே நட்ட நடுவில் பார்க்க வேண்டும். பார்த்தால் நேர். ஸ்பிரிட் லெவலை விட இது எனக்குச் சுலபம்.

படத்தை எடுப்பதற்கு முன், அதே இடத்தில் வெறும் வெள்ளைத் தாள் வைத்து ஒன்று எடுங்கள். நான்கு மூலையும் நடுவும் ஒரே வெளிச்சமா என்று அதில் தெரியும். அப்புறம் நிறத்தைச் சரிபார்க்க, கிரே கார்டோ (சாம்பல் அட்டை), 24 நிறக் கட்டம் உள்ள கலர் செக்கர் அட்டையோ படத்தோடு சேர்த்து ஒரு பிரேம். ரா ஃபைலாக, அதாவது கேமரா தானாகத் திருத்தாத ஃபைலாக எடுங்கள். ஏ3 அளவுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் 4961க்கு 3508 பிக்சல், பதினேழரை மெகாபிக்சல்தான் ஆகிறது. 24 மெகாபிக்சல் கேமரா யாரிடமாவது இரவல் வாங்கினாலே போதும்.

7 ஜூன் 2023

இருட்டு விஷயம். உங்கள் கம்ப்யூட்டர் திரை வெளிச்சத்தை முழுசாக வைத்திருப்பீர்கள். அதில் பார்த்துத் திருத்தினால் பிரிண்ட் இருட்டாகத்தான் வரும். தாள் தானாக ஒளி வீசாதே. திரையின் வெளிச்சம் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா (வெளிச்சத்தின் அலகு) வரை இருந்தால் போதும் என்பது பொது அளவு. அளக்கிற கருவி இல்லையென்றால், பிரிண்ட் பார்க்கப் போகிற விளக்கின் கீழே ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, இரண்டும் ஒரே வெளிச்சமாகத் தெரியும் வரை திரையைக் குறையுங்கள். நான் செய்தபோது நூற்றில் 28க்கு வந்து நின்றது. கண் பழக இரண்டு நாள் ஆனது.

11 ஜூன் 2023

தாளின் வெள்ளை பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிற கதைதான். பெரும்பாலான போட்டோ தாளில் வெண்மை கூட்டும் ரசாயனம் கலந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத புறஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பித் தரும். கடைகளில் கள்ள நோட்டு பார்க்க ஒரு ஊதா விளக்கு வைத்திருப்பார்களே, அதன் கீழே உங்கள் போட்டோ தாளையும் அப்பா வரைந்த தாளின் ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். நான் மளிகைக் கடையில் பார்த்தேன். பிரிண்ட் தாள் நீலமாக எரிந்தது. அப்பாவின் தாள் பழைய பல்லைப் போல மங்கலாக, ஒளியே இல்லாமல் இருந்தது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், விளக்கிச் சொன்னதும் அவரும் தன் காலண்டரைப் பிடித்துப் பார்த்தார்.

அந்த ரசாயனம் நாளாக நாளாகச் செத்துவிடும், தாள் மஞ்சளாகும். அது இல்லாத, அல்லது மிகக் குறைவாக உள்ள, நூறு சதவீதப் பருத்தித் தாள் கேளுங்கள். நான் பயன்படுத்துவது ஹானமூலே போட்டோ ராக், 308 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை). 1584இல் தொடங்கிய ஜெர்மன் தாள் ஆலை அது. கையில் எடுத்தால் தாள் என்பதை விட மெல்லிய அட்டை போல இருக்கும்.

பருத்தித் தாளில் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பூச்சு ஒரு பக்கம்தான். எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் விரலை ஈரமாக்கி மூலையில் தொடுங்கள், பூச்சுப் பக்கம் லேசாக ஒட்டும். இரண்டு, தாளில் பஞ்சுத் தூசி இருக்கும். அப்படியே போட்டால் தூசி மேல் மை விழுந்து, அது உதிரும்போது அந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி நிற்கும். மென்மையான பிரஷ்ஷால் ஒரு தடவை தள்ளிவிட்டுத்தான் நான் தாளை ஏற்றுவேன்.

11 ஜூன் 2023, இரவு

இன்று ஒரு சோதனை ஆரம்பித்திருக்கிறேன். ஒரே படத்தின் துண்டு மூன்று விதத்தில். டை பிரிண்டரில் வெளி மை (பிரிண்டர் கம்பெனியுடையது அல்லாத மை) ஊற்றி மலிவான பளபளத் தாளில் ஒன்று. அதே மை, வெண்மை கூட்டிய மேட் (பளபளப்பில்லாத) தாளில் ஒன்று. பிக்மென்ட் மை, பருத்தித் தாளில் ஒன்று. மூன்றிலும் கீழ்ப்பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி மேற்கு ஜன்னலில் ஒட்டியிருக்கிறேன். தூத்துக்குடி வெயில் சும்மா விடாது. ஜனவரியில் எடுத்துப் பார்க்கலாம்.

2 ஜூலை 2023

"எல்லாப் படமும் ரோஸ் அடிக்கிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதில் நான் ஏ3 பருத்தித் தாள் பதினொன்றை இழந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு பிரிண்டர், தாள், மை கூட்டணிக்கும் ஐசிசி புரொஃபைல் என்று ஒரு ஃபைல் உண்டு. "இந்தத் தாளில் இந்த நிறம் வர இவ்வளவு மை விடு" என்கிற கணக்கு அதில் இருக்கிறது. அந்தக் கணக்கை ஒருவர்தான் போட வேண்டும். ஃபோட்டோஷாப் போடுகிறது என்று தேர்ந்தெடுத்தால் பிரிண்டர் டிரைவருக்குள் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) போய் கலர் திருத்தத்தை அணைத்துவிட வேண்டும். இரண்டு பேரும் போட்டால் ஒரே சாம்பாருக்கு மாமியாரும் மருமகளும் தனித்தனியாக உப்புப் போட்ட மாதிரி ஆகிவிடும். என் பிரிண்டரில் அது ரோஸாக வந்தது. தாளைக் குறை சொல்லி, மையைக் குறை சொல்லி, பன்னிரண்டாவது தாளுக்கு முன்னால்தான் டிரைவரைத் திறந்து பார்த்தேன்.

மீடியா டைப் என்று இருப்பதையும் சும்மா விடாதீர்கள். எவ்வளவு மை விழ வேண்டும், எந்தக் கறுப்பு போக வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. மேட் தாளுக்கு மேட் பிளாக் போக வேண்டும். பளபளத் தாளுக்கான போட்டோ பிளாக் போனால் கறுப்பு சாம்பல் பூத்து நிற்கும்.

20 ஆகஸ்ட் 2023

வரைந்த படங்களை விட்டுவிட்டுப் போட்டோவுக்குப் போய்விட்டோம், பரவாயில்லை. மேட் தாளில் போட்டோ செத்துப் போகிறது என்கிறார் ஒருவர். ஒத்துக்கொள்கிறேன். மேட் பருத்தித் தாளில் கறுப்பின் அடர்த்தி (எண் கூடினால் கறுப்பு ஆழம்) 1.6, 1.7 அளவோடு நின்றுவிடும். பேரியம் சல்பேட் பூசிய பரைட்டா தாளில் 2.3ஐத் தொடும். பாட்டியின் கறுப்புவெள்ளைப் படத்தில் கண்மையும் சேலைக்கரையும் வேண்டுமென்றால் பரைட்டாவுக்குப் போங்கள்.

ஆனால் உப்பளத்தில் எடுத்த என் படம் ஒன்றில் வேறு பாடம் கிடைத்தது. உச்சி வெயிலில் உப்புக் குவியல். குவியலின் முகட்டில் வெள்ளை முழுசாக வெந்து போயிருந்தது. அங்கே மை ஒரு சொட்டும் விழாது, தாள்தான் உப்பு. பரைட்டா பிரிண்டைச் சாய்த்துப் பார்த்தால் மை விழுந்த இடம் ஒரு பளபளப்பு, விழாத முகடு வேறு பளபளப்பு. உப்பில் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. சில பிரிண்டர்களில் இதற்கென்றே நிறமில்லாத மை ஒன்று உண்டு, கேனன் புரோ 1000இன் பன்னிரண்டில் ஒன்று அதுதான். என்னிடம் அது இல்லை. முகட்டின் வெள்ளையை முழு வெள்ளையான 255இலிருந்து 248க்கு இறக்கினேன். கண்ணுக்குத் தெரியாத அளவு சாம்பல் மை விழுந்தது, ஓட்டை மூடியது. உப்பு இன்னும் வெள்ளையாகத்தான் தெரிகிறது.

9 செப்டம்பர் 2023

தஞ்சாவூர் ஓவியத்துக்கு இதே முறை சரிவருமா என்று கேட்டவருக்கு: பாதிதான் வரும்.

பளபளப்பை அடக்க விளக்குகளுக்கு முன்னால் போலரைசர் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) தாளும், லென்ஸில் அதற்குக் குறுக்காகத் திருப்பிய போலரைசரும் போடுவது வழக்கம். எண்ணெய் ஓவியத்துக்கும் வார்னிஷுக்கும் அருமையாக வேலை செய்யும். அத்தையின் வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணரை அப்படி எடுத்தேன். கண்ணனின் முகமும் பட்டும் அற்புதமாக வந்தன. தங்க ரேக்கெல்லாம் கருகிய தோசை நிறத்தில் வந்தது! தங்கம் தங்கமாகத் தெரிவதே அது ஒளியைக் கண்ணாடி போலத் திருப்புவதால்தான், அந்த ஒளியைத்தான் போலரைசர் வெட்டிவிடுகிறது.

கேமராவை அசைக்காமல் இரண்டு எடுத்தேன். போலரைசரோடு ஒன்று, நிறங்களுக்கு. போலரைசர் இல்லாமல், ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக விளக்கு வைத்து ஒன்று, ரேக்குக்கும் புடைப்புக்கும். இரண்டையும் ஃபோட்டோஷாப்பில் சேர்த்தேன். பிரிண்டில் தங்கம் மஞ்சளும் பழுப்புமாகத்தான் இருக்கும். நாம் அதன் முன்னால் நடக்கும்போது அசல் போல மின்னாது. சுவரில் மாட்டும்போது கீழே "நகல்" என்று எழுதி வையுங்கள், அதில் குறைவில்லை.

29 அக்டோபர் 2023

மழை பிடித்துக்கொண்டது. என் முதல் பதிலைத் திருத்த வேண்டியிருக்கிறது.

பதினெட்டு நாள் பிரிண்டரைத் தொடவில்லை. நேற்று நாசில் செக் (மைத் துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் சோதனைப் பக்கம்) போட்டேன். லைட் சியானில் (வெளிர்நீல மை) பாதிக் கோடுகள் இல்லை. மை தெளிக்கும் ஹெட்டுக்கு க்ளீனிங் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் எல்லா நிறத்திலும் மையை உறிஞ்சி வேஸ்ட் டேங்கில் கொட்டுகிறது. நான்காவது முறைக்குப் பதில் ஓர் இரவு விட்டுவிட்டு இன்று காலை பார்த்தேன், கோடுகள் வந்துவிட்டன. ஊறிக் கரைந்திருக்க வேண்டும்.

ஜூன் மாதம் உங்களிடம் "வாங்குங்கள்" என்று சொன்னேன். உங்களுக்கு வேண்டியது 115 பிரிண்ட். இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். அப்புறம் அந்தப் பிரிண்டர் என்ன செய்யும்? வாரம் ஒரு கலர் பக்கமாவது போடாமல் விட்டால் ஹெட் அடைத்துக்கொள்ளும். தொடர்ந்து போடுகிறவருக்குத்தான் சொந்தப் பிரிண்டர். உங்களுக்கு வேண்டாம்.

படமெடுப்பதையும் நிறம் திருத்துவதையும் நீங்களே செய்யுங்கள். அசல் உங்கள் வீட்டில் இருக்கிறது, பக்கத்தில் வைத்துப் பார்க்க உங்களால்தான் முடியும். பிரிண்டை மட்டும் ஓவியப் பிரிண்ட் போடும் ஸ்டுடியோவில் கொடுங்கள். என்ன மை, எந்தத் தாள் என்று பெயரோடு கேளுங்கள், அந்தத் தாளுக்கான புரொஃபைலைக் கேட்டு வாங்குங்கள். பெயர் சொல்லத் தயங்குகிற இடத்தில் கொடுக்காதீர்கள். முழு அளவு போடும் முன், 23 படங்களிலிருந்தும் ஒரு விரல் நீளத் துண்டு வெட்டி ஒரே தாளில் அடுக்கிப் போடச் சொல்லுங்கள். ஒரு தாள் செலவில் 23 படத்தின் தவறும் தெரிந்துவிடும்.

30 அக்டோபர் 2023

தாள் வைத்திருப்பவர்களுக்கு: மழைக்காலத்தில் பாக்கெட்டைத் திறந்து போடாதீர்கள். ஈரம் ஏறிய தாளின் ஓரம் அலையலையாக எழும்பும், ஹெட் அதில் உரசிக் கறுப்புக் கோடு இழுக்கும். ஜிப் கவர், உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். நான் அரிசி டிரம்மில் வைக்கிறேன், அரிசி இல்லாமல்.

19 நவம்பர் 2023

"ஷிக்லே" பிரிண்ட் என்று சொல்லி இரண்டு மடங்கு விலை கேட்டார்களாம் ஒரு கடையில். அது இன்க்ஜெட் பிரிண்ட்தான்.

பாடகர் கிரகாம் நாஷ் தன் போட்டோக்களைப் பெரிதாகப் போட ஐரிஸ் 3047 என்ற இயந்திரத்தை வாங்கினார். விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் டாலருக்கு மேல். அச்சகங்கள் ஆஃப்செட்டில் ஏற்றும் முன் மாதிரி பார்க்கச் செய்த இயந்திரம் அது. உருளையில் தாளைச் சுற்றி, அது சுழலச் சுழல மை தெளிக்கும். கனமான ஓவியத் தாள் நுழைய நாஷும் அவர் குழுவினரும் அதன் உள்பாகத்தையே அறுத்து மாற்றினார்கள். கலிபோர்னியாவில் அவர்கள் தொடங்கிய நாஷ் எடிஷன்ஸில் வேலை பார்த்த ஜாக் டுகான், 1991இல் பிரெஞ்சில் தெளிப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து இந்தப் பெயரை உண்டாக்கினார். இன்க்ஜெட் என்றால் ஆபீஸ் பிரிண்ட் என்று ஓவியம் வாங்குபவர்கள் முகம் சுளிப்பார்களே என்ற கவலை. அந்த இயந்திரம் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆரம்பகால ஐரிஸ் மைகள் சில ஆண்டுகளிலேயே வெளிறின. ஆகவே பெயரைக் கேட்டுப் பணம் கொடுக்காதீர்கள், மையையும் தாளையும் கேட்டுக் கொடுங்கள்.

14 ஜனவரி 2024

ஜன்னலிலிருந்து துண்டுகளை எடுத்தேன். ஏழு மாதம்.

வெளி மை, பளபளத் தாள்: கறுப்பு அட்டையை எடுத்ததும் ஒரு கோடு கிழித்த மாதிரி இருந்தது. மூடிய பாதியில் படித்துறைச் சிவப்பு அப்படியே இருக்கிறது. திறந்த பாதியில் சிவப்பே இல்லை, மணல் நிறம். அதே மை, மேட் தாள்: அதை விட மோசம், தாளும் மஞ்சளடித்திருக்கிறது. பிக்மென்ட், பருத்தி: கோட்டைத் தேடினேன். பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தும் எனக்குக் கிடைக்கவில்லை. அக்காவுக்கும் கிடைக்கவில்லை.

இதை வைத்து டை மை என்றாலே குப்பை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் போட்டது வெளி மை, கம்பெனி மை இல்லை. நேர் வெயிலில் யாரும் படம் மாட்டுவதும் இல்லை. ஆல்பத்துக்குள் மூடி வைக்கிற குடும்பப் படத்துக்கு டை மை தாராளமாகப் போதும். இது ஜூனில் நான் சொல்லாமல் விட்டது.

3 மார்ச் 2024

கேள்வி கேட்டவர் துண்டுத் தாள் வந்துவிட்டது, நீலம் சரி என்று எழுதியிருக்கிறார். மனசு நிறைந்தது. பிரேம் போடும் முன் ஒரு வார்த்தை.

பிரிண்டை ஒரு நாளாவது திறந்து ஆற விடுங்கள், நான் ஒரு வாரம் விடுகிறேன். மையில் இருக்கிற கிளைக்கால் என்கிற திரவம் மெல்ல ஆவியாகும். அவசரப்பட்டுக் கண்ணாடி போட்டால் உள்பக்கம் புகை படிந்த மாதிரி மங்கும்.

என் பிரேம் கடை அண்ணாச்சி, "கண்ணாடியோட ஒட்டிப் போட்டாத்தான் தம்பி படம் எடுப்பா இருக்கும்" என்பார். "வேண்டாம் அண்ணாச்சி, நடுவுல மவுண்ட் அட்டை வைங்க" என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன். கடற்கரை ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிய பிரிண்டைப் பிரித்தால் படம் கண்ணாடியோடு போய்விடும். பசை தடவி முழுசாக ஒட்டவும் விடாதீர்கள். மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் ஆசிட் இல்லாத டேப்பில் தொங்கினால் போதும், தாள் மழைக்கு விரிந்து வெயிலுக்குச் சுருங்க இடம் வேண்டும்.

எந்த விளக்கின் கீழ் மாட்டப் போகிறீர்களோ அங்கே ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். ஜன்னல் ஓரம் அசலும் நகலும் ஒன்றாக இருந்த என் படம், அக்கா வீட்டு மஞ்சள் பல்பின் கீழே பிரிந்து நின்றது. அசலில் வானம் சாம்பல், நகலில் லேசான பச்சை. அப்பாவின் கலரும் பிரிண்டர் மையும் வேறு வேறு பொருள், ஒரு விளக்கில் ஒத்துப்போனது இன்னொன்றில் ஒத்துப்போக வேண்டியதில்லை. பல்பை மாற்றினோம்.

5 மார்ச் 2024

ஒன்று விட்டுப் போயிற்று. ஒவ்வொரு பிரிண்டின் பின்னாலும் பென்சிலால் எழுதுங்கள்: அப்பா பெயர், எந்த இடம், அசல் யாரிடம், தாள், மை, போட்ட தேதி. பேனா வேண்டாம், மறுபக்கம் ஊறும். அக்கா எங்கள் படத்தின் பின்னால் இன்னொரு வரி சேர்த்தாள்: "இந்த நீலம் நான் கரைச்சது."

அதை அழிக்காமல் பிரேம் போடச் சொல்லியிருக்கிறேன்.